கரிசல் பருத்தியும் மரபணு ஆராய்ச்சியும்

தூத்துக்குடித் துறைமுகம் முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்றது போலவே ஒரு காலத்தில் பஞ்சுக்கும் பெயர் பெற்றிருந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் பூமியில் விளைந்த பருத்தி வண்டிகளில் வந்து, ஆலைகளில் அரைபட்டு, பொதிகளாக அழுத்தப்பட்டு, இத்துறையினின்றும் கப்பலேறிற்று. இங்கிலாந்தின் பஞ்சுச் சந்தையில் அதற்கு ‘டின்னவெல்லி’ என்பதே பெயர். அவ்வொரு பெயருக்குள் பிரதானமாக இரண்டு பருத்திகள் அடங்கியிருந்தன. ஒன்று கருங்கண்ணி, மற்றொன்று உப்பம். குடியானவர்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒரே புஞ்சையில் கலந்தே விதைத்து வந்தனர்.

1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் சர்க்கார் விவசாயப் பண்ணை ஏற்பட்டது. கருங்கண்ணியைக் கலப்பினின்றும் பிரித்தெடுத்து, அதனுள்ளும் மேலான செடிகளைத் தனித்தனியே பொறுக்கி, அவற்றின் விதையைத் தனித்தனியே பெருக்குவது அப்பண்ணையின் முக்கிய வேலைகளுள் ஒன்றாயிற்று. கே.1 என்று தொடங்கி கே.11-ஐயும் கடந்து வந்துள்ள ரகங்கள் அப்பண்ணையில் உருவானவையே. அப்பண்ணை இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமாக நடைபெற்று வருகிறது.

பொறுக்கு விதையின் அவசியத்தை இப்பகுதியாருக்கு உணர்த்தியது புளிச்சைப் பருத்தி என்றால் தவறாகாது. அது கருங்கண்ணியைச் சேர்ந்த இனமே. ஆனால் பஞ்சு குட்டை, முரடு. அதில் இருந்த அனுகூலம் ஒன்றே: அரைத்தால் கருங்கண்ணியைக் காட்டிலும் அதிக எடை பஞ்சு விழும். எடைக்கு விலை கொடுத்தவரை இது குடியானவருக்கும் ஆலைக்காரருக்கும் இனிப்பாகவே இருந்தது. நாளடைவில் புளிச்சை கலந்த பொதிகளால் டின்னவெல்லிப் பஞ்சின் பெயர் சந்தையில் கெடலாயிற்று. கலப்பின்றிப் பயிரிட்டவருக்கும் கலந்தவருக்கு உரிய விலையே கிடைத்தது. இவ்வகைக் கேடுகளைத் தடுக்கும் பொருட்டே சில பருத்தி ரகங்களைப் பயிரிடுவதையும் கலப்பதையும் விற்பதையும் கட்டுப்படுத்த 1932-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வேண்டியிருந்த காரணம் இதுதான்: அதிகப் பஞ்சு விழும் குணமும், நீண்ட மெல்லிய பஞ்சு தரும் குணமும் விதைக்குள் தனித்தனியே மறைந்து கிடக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தவர் எவரும் விதையைக் கொண்டு அவற்றைக் காண முடியாது.

விதைக்குள் மறைந்து கிடப்பது யாது என்ற கேள்விக்குச் சென்ற நூறு ஆண்டுகளில், அதிலும் சென்ற இருபது ஆண்டுகளில், கிடைத்துள்ள விடைகள் வியக்கத்தக்கவை. அவை கரிசல் குடியானவர் அடுத்த ஐப்பசியில் எந்த விதையை மண்ணில் இடுவது என்பதையும் தொடுவன. ஆகையால் அவற்றைச் சற்று விரித்துச் சொல்வது பொருந்தும்.

வட இந்தியாவில் லீக் என்னும் தாவர நூலார் நாட்டுப் பருத்திகளை ஒன்றோடொன்று மணம் சேர்த்து, அதன் விவரங்களை 1911-ல் வெளியிட்டார். மஞ்சள் பூப் பருத்தியையும் வெள்ளைப் பூப் பருத்தியையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் மஞ்சளே தோன்றும். அச்செடிகளின் விதையை விதைத்தால் மூன்று பங்கு மஞ்சளும் ஒரு பங்கு வெள்ளையுமாகப் பிரியும். வெள்ளைக் குணம் ஒரு தலைமுறை அழியாமல் ஒளிந்திருந்து, மறு தலைமுறையில் வெளிப்பட்டது. இவ்வாறு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் பிரிந்தும் சேர்ந்தும் இறங்கும் குணக்கூறுகளையே மரபணுக்கள் என்கிறோம். அவை உயிரணுவின் உள்ளே குரோமோஸோம் என்னும் இழைகளில் வரிசையாக அமைந்துள்ளன. அவ்விழை டி.என்.ஏ. என்ற பொருளால் ஆனது. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நீண்ட ஓலைச்சுவடி போன்றது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். வேர், இலை, பூ, காய், விதை ஆகிய எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே சுவடிதான். அவ்வாறாயின் பஞ்சு விதையில் மட்டும் ஏன் முளைக்கிறது? இலையில் ஏன் முளைப்பதில்லை?

இதற்கு விடை காணத் தூத்துக்குடிக் கடற்கரையையே பார்க்கலாம். இங்கே சர்க்கார் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பார்களில் சிப்பி குன்றிப்போன பின், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு முயற்சியைத் தொடங்கி, 1973-ல் வெற்றி கண்டனர். அம்முறை பின்வருமாறு. முத்துச்சிப்பியின் ஓட்டை ஒட்டி உட்புறத்தில் ஒரு மெல்லிய சதை மடல் படிந்திருக்கும். ஓட்டைச் சுரந்து வளர்ப்பது அம்மடலே. அதன் ஓரம் ஓட்டின் வெளி அடுக்கைச் சுரக்கிறது. உட்பகுதி பளபளக்கும் முத்தடுக்கைச் சுரக்கிறது. ஒரு சிப்பியைக் கொன்று, அம்மடலிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துண்டு வெட்டுவர். அத்துண்டை, ஓட்டினால் கடைந்த ஒரு மணியுடன் சேர்த்து, வேறொரு சிப்பியின் சினைப்பைக்குள் செருகுவர். சினைப்பையில் முத்தடுக்கு ஒருபோதும் சுரப்பதில்லை. ஆனால் செருகிய துண்டு அங்கேயும் தன் பழைய வேலையை மறவாது. மணியைச் சுற்றிப் பையாகப் படர்ந்து, அதன்மீது அடுக்கடுக்காக முத்துப் பூச்சைச் சுரக்கும். உண்டாகும் முத்தின் நிறம் பெரிதும் துண்டு கொடுத்த சிப்பியையே ஒத்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

இதிலிருந்து விளங்குவது யாது? முத்துச் சுரக்கும் மரபணுக்கள் சினைப்பையின் உயிரணுக்களிலும் உண்டு. ஆனால் அங்கே அவை கட்டி வைத்த சுவடியாகக் கிடக்கின்றன. மடலின் உயிரணுவில் அதே ஏடுகள் திறந்து படிக்கப்படுகின்றன. ஒரு முறை திறக்கப்பட்ட ஏடு, இடம் மாறினாலும் திறந்தபடியே இருக்கிறது. இந்த முத்துச்சிப்பி இனத்தின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2012-ல் படித்து வெளியிட்டனர். உயிர்களின் குணபேதத்தில் எந்த மரபணு இருக்கிறது என்பது பாதி. எந்த மரபணு எவ்விடத்தில் எப்பொழுது திறக்கப்படுகிறது என்பது மறு பாதி. பயிர்த் தொழிலில் இம்மறு பாதியைத்தான் இதுகாறும் நாம் கவனியாது இருந்தோம்.

இனிப் பஞ்சுக்கு வருவோம். பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதைத்தோலின் ஒற்றை உயிரணுவேயாகும். பூ மலரும் அன்றே விதைத்தோலில் ஏறக்குறைய நான்கில் ஓர் உயிரணு மேலெழும்பத் தொடங்குகிறது. சுமார் மூன்று வாரம் அது நீளத்தில் மட்டும் வளர்கிறது. பின்பு உட்சுவர் தடிக்கிறது. சில நாள் பிந்தி எழும்புகிறவை நீளாமல் நின்று, விதையில் ஒட்டிய குட்டை மயிராகத் தங்கிவிடுகின்றன. பூ மலர்ந்த சில வாரங்களுக்குள் ஏற்படும் நீர்க்குறைவு பஞ்சின் நீளத்தைக் குறைப்பது ஏன் என்பதை இதனின்றும் ஊகிக்கலாம்.

எந்த உயிரணு எழும்புவது என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பஞ்சை நேரே உண்டாக்குவதில்லை. அவை மற்ற மரபணுக்களைத் திறக்கும் சாவிகள் போன்றவை. கருங்கண்ணியின் இனத்தைச் சேர்ந்த நாட்டுப் பருத்தியிலிருந்து இத்தகைய சாவி மரபணு ஒன்றைச் சீன ஆராய்ச்சியாளர் எடுத்து, இலையில் மயிர் முளைக்காத ஒரு சிறு களைச்செடியினுள் செலுத்திப் பார்த்தனர். 2004-ல் வெளிவந்த அச்சோதனையின்படி, மயிரற்ற இலையில் மயிர் முளைத்தது. சில விதைகளின்மீதும் ஒற்றை மயிர் தோன்றிற்று. ஆஸ்திரேலியாவில் இதற்கு மாறான சோதனை நடந்தது. பருத்தியிலேயே அவ்வகைச் சாவி ஒன்றை அடக்கி வைத்ததும், பஞ்சே இல்லாத மொட்டை விதைகள் உண்டாயின. விதை அதுவே, மண் அதுவே. ஒரு சாவி திரும்பாததால் மகசூல் சூன்யமாயிற்று.

அடுத்து, நாட்டுப் பருத்திக்கும் சீமைப் பருத்திக்கும் உள்ள உறவைக் கவனிப்போம். கருங்கண்ணியிலும் உப்பத்திலும் குரோமோஸோம்கள் 26. கம்போடியா முதலிய அமெரிக்க இனத்திலும், சுவின் போன்ற மிக நீண்ட பஞ்சு தரும் இனத்திலும் அவை 52. இவ்விரட்டிப்பு எவ்வாறு நேர்ந்தது என்பது பல காலம் புதிராயிருந்தது. ஸ்கோவ்ஸ்டெட் என்பவர் 1934-ல் அமெரிக்கப் பருத்தியின் குரோமோஸோம்களைக் கண்ணாடியில் ஆராய்ந்து, அவற்றுள் ஒரு பாதி பெரியவை, ஒரு பாதி சிறியவை என்றும், பெரியவை ஆசியப் பருத்தியையும் சிறியவை அமெரிக்காவின் காட்டுப் பருத்தியையும் ஒத்தவை என்றும் காட்டினார். 1940-ல் டெக்ஸாஸைச் சேர்ந்த பீஸ்லி அதைக் கைப்படச் செய்தே காட்டிவிட்டார். கருங்கண்ணியின் இனத்தை அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றோடு மணம் சேர்த்து, பிறந்த மலட்டுச் செடியைக் கோல்ச்சிசின் என்னும் மருந்தில் நனைத்துக் குரோமோஸோம்களை இரட்டித்தார். இரட்டித்த செடி, அமெரிக்கப் பருத்தியோடு சேர்ந்து விதை கொடுத்தது. (நம் நாட்டில் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் பயிராகும் கண்வலிக்கிழங்கின் விதைக்கு இன்று விலை இருப்பதும் இதே கோல்ச்சிசின் சத்துக்காகவே.)

இயற்கையில் இச்சேர்க்கை பத்து இலட்சம் முதல் இருபது இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை நேர்ந்ததாகக் கணிக்கின்றனர். ஆசிய ஆப்பிரிக்கப் பருத்திகளின் முன்னோடி ஒன்று எவ்வாறோ கடல் கடந்து அமெரிக்கக் கரை சேர்ந்து, அங்கிருந்த காட்டுப் பருத்தியின் மகரந்தத்தை ஏற்றது. தாய் நம் பக்கத்தது, தந்தை அப்பக்கத்தது. அம்முன்னோடி கருங்கண்ணியும் அன்று, உப்பமும் அன்று. இவ்விரண்டும் பிரிவதற்கு முன்னிருந்த பொதுப் பாட்டி என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. இன்று உலகில் நூற்கப்படும் பஞ்சில் மிகப் பெரும்பகுதி அமெரிக்க இனத்தது. அதன் ஒவ்வொரு விதையிலும் பாதிச் சுவடி கருங்கண்ணியின் உறவினருடையது என்பதைக் கரிசல் குடியானவர் அறிந்துகொள்வது நல்லது.

தந்தைப் பக்கத்துக் காட்டுப் பருத்தியின் முழுச் சுவடி 2012-லும், கருங்கண்ணி இனத்தின் சுவடி 2014-லும், அமெரிக்கப் பருத்தியின் சுவடி 2015-லும் படிக்கப்பட்டன. காட்டுப் பருத்தியின் சுவடி சுமார் 88 கோடி எழுத்து. நாட்டுப் பருத்தியினுடையது சுமார் 170 கோடி. அளவு ஏறக்குறைய இரட்டிப்பாயினும், மரபணுக்களின் எண்ணிக்கை இரண்டிலும் நாற்பதாயிரத்தை ஒட்டியதே. மிகுதி எங்கிருந்து வந்தது? தன்னைத் தானே படியெடுத்து ஆங்காங்கே செருகிக்கொள்ளும் ஒருவகைத் துணுக்குகள் உண்டு. கணக்குப்பிள்ளை ஒருவர் ஒரே வரியைப் பதிவேட்டில் மறந்து மறந்து ஆயிரம் முறை எழுதியது போல, அவை நாட்டுப் பருத்தியின் சுவடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடைத்துக்கொண்டுள்ளன. சுவடி பெரிதானால் செடி சிறந்ததென்று எண்ணுவதற்கில்லை.

இதனினும் விசித்திரமான செய்தி ஒன்று உண்டு. தந்தையாகிய காட்டுப் பருத்தியில் நூற்கத்தக்க பஞ்சே கிடையாது. எனினும் அமெரிக்கப் பருத்தியின் நீளத்துக்கும் உறுதிக்கும் காரணமான இடங்களை 1998-ல் குரோமோஸோம்களில் தேடியபோது, அவற்றுள் பெரும்பான்மை அப்பஞ்சற்ற தந்தையின் பக்கத்திலேயே அகப்பட்டன. பிறந்த வீட்டில் பஞ்சுக்கு உதவாத மரபணுக்கள், புகுந்த வீட்டில் தாயின் சாவிகளுக்குக் கட்டுப்பட்டு வேலை கற்றுக்கொண்டன என்றே இதற்குப் பொருள் கொள்ளவேண்டும். மேலும், ஒரே மரபணுவின் இரண்டு பிரதிகளுள் ஒன்று பூவின் ஓர் உறுப்பில் உறங்க, மற்றொன்று வேறோர் உறுப்பில் உறங்குவதை 2003-ல் அமெரிக்காவில் கண்டனர். பாகப்பிரிவினை செய்துகொண்ட சகோதரர்கள் போல அவை வேலையைப் பிரித்துக்கொள்கின்றன.

எழுத்து மாறாமலே குணம் மாறுவதும் உண்டு. அமெரிக்க இனத்தின் காட்டு வகைகள் பகற்பொழுது குறுகினால் மட்டுமே பூப்பன. பயிர் செய்யப்படும் வகைகளுக்கு அக்கட்டுப்பாடு இல்லை. இது ஏனென்று ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கட்டுரையில், பூக்கும் காலத்தை ஆளும் ஒரு மரபணுவின்மேல் காட்டு வகையில் இரசாயன முத்திரை ஒன்று வைக்கப்பட்டிருப்பதும், பயிர் வகையில் அம்முத்திரை நீங்கியிருப்பதும் காட்டப்பட்டன. விதை பொறுக்கிய பண்டைக் குடியானவர்கள் தம்மை அறியாமலே அம்முத்திரையை உடைத்த செடியைத் தேர்ந்து வைத்திருக்கின்றனர்.

இவ்விவரங்களிலிருந்து கரிசல் நிலத்துக்குக் கிடைக்கும் முதற்பயன் ஒரு வீண் பயத்தை நீக்குவதாகும். பக்கத்துப் புஞ்சையில் பி.டி. பருத்தி இருந்தால் கருங்கண்ணி கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். 26-ம் 52-ம் இயல்பாகச் சேர்வதில்லை. அரிதாகச் சேர்ந்தாலும் பிறப்பது 39 குரோமோஸோம் உள்ள மலட்டுச் செடி. ஆராய்ச்சியாளர் கைமுறையாகவும் வருந்தியுமே இத்தடையைக் கடக்கின்றனர். சூரத்தில் கோயம்புத்தூர்க் கம்போடியா ரகமான கோ.2-ஐ நாட்டுப் பருத்தியோடு சேர்த்துத் தேவிராஜ் முதலிய ரகங்களைப் பெற்றது அவ்வாறே. புஞ்சை வரப்பில் அது தானாக நேராது. மாறாக, உப்பமோ புளிச்சை போன்ற வேறு நாட்டு ரகமோ அருகிலிருந்தால் தேனீயே கலப்பைச் செய்துவிடும். குரோமோஸோம் எண்ணிக்கை ஒத்திருப்பதே இதற்குக் காரணம். ஆகவே கருங்கண்ணிக்கு அபாயம் தூரத்து அந்நியனிடம் அன்று, நெருங்கிய பங்காளியிடமே.

இரண்டாவது, பி.டி. பருத்தியைப் பற்றியது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணு, காய்ப்புழுவின் குடலைக் கெடுக்கும் புரதத்தை உண்டாக்குவது. அதை அமெரிக்கப் பருத்தியில் ஏற்றி, 2002-ல் இந்திய சர்க்கார் பயிரிட அனுமதித்தது. அம்மரபணுவை எப்போதும் திறந்தே வைக்கும்படி, காலிபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து எடுத்த விசையை அதன் முன்னே பொருத்தியிருந்தனர். எப்போதும் திறந்திருக்கும் என்று கருதப்பட்டதேயன்றி, வயலில் நடந்தது வேறு. நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தார் 2005-ல் வெளியிட்ட அளவீடுகளின்படி, புரதம் இலையில் அதிகம். புழு குடையும் பூவிலும் காயிலும் குறைவு. செடிக்கு வயது ஏற ஏற எங்கும் குறைந்தது. எந்த உறுப்பு காக்கப்பட வேண்டுமோ அதிலேயே காவல் தளர்ந்திருந்தது. கடைசிக் காய்கள்வரை எடுக்கலாமென்று பயிரைத் தை மாசி தாண்டியும் நிறுத்தி வைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு இத்தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டது. முதல் பி.டி. மரபணுவுக்கு அது அடங்காதது 2010-ல் குஜராத்தில் அறிவிக்கப்பட்டது. 2006-ல் வந்த இரட்டை மரபணுப் பருத்தியும் பின்னர் அதனிடம் தோற்றது. புழு எவ்வாறு தப்பியது என்பதும் மரபணு நூலுக்கே உரிய கதை. அப்புரதம் புழுவின் குடற்சுவரில் ஒரு குறிப்பிட்ட பொருளைப் பற்றிக்கொண்டால்தான் வேலை செய்யும். அப்பொருளை உண்டாக்கும் மரபணுவின் ஏட்டைப் படியெடுத்து, வேண்டாத துண்டுகளை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டிப் படிப்பது உயிரணுவின் வழக்கம. இந்தியாவில் எதிர்ப்பு பெற்ற புழுக்களில் அவ்வெட்டு ஒட்டு பலவாறு தாறுமாறாக நடந்து, புரதம் பற்ற இடமில்லாமற் போயிருப்பது 2014-ல் கண்டறியப்பட்டது. ஒரே ஏட்டைப் பல விதமாகப் பிழைபடப் படித்தே புழு பிழைத்தது.

நம் நாட்டில் பி.டி. பருத்தி பெரும்பாலும் ஒட்டு விதையாக விற்கப்பட்டது. ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகளில், முன் சொன்ன மஞ்சள் வெள்ளைப் பூவின் கணக்குப்படியே, ஒற்றை மரபணுவாயின் மூன்று பங்கில் அது இருக்கும், ஒரு பங்கில் இராது. இளம் புழு ஒன்றைக் கடித்து மற்றொன்றுக்கு மாறிச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ள இதனினும் ஏற்ற பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. ஒட்டுப் பருத்தியின் விதையை எடுத்து வைத்து மறுவருஷம் விதைப்பவருக்கு நேரும் நஷ்டமும் இதனாலேயே: பஞ்சின் நீளமும் பிரியும், காவலும் பிரியும். விதைப் பையோடு தனியே தரப்பட்டு வந்த பி.டி. அல்லாத அடைக்கல விதையை வீண் என்று எறிந்துவிட்டதும் பிசகே. அச்செடிகளில் வளரும் எதிர்ப்பற்ற புழுக்கள், தப்பிய புழுக்களோடு கூடி எதிர்ப்பைத் தணிப்பதற்காகவே அது தரப்பட்டது. எடுப்பு முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கி நிலத்தை வெறுமையாக்குவது முன்னோர் வழக்கமும் ஆகும். சென்னை மாகாணத்தில் கம்போடியாப் பருத்திக்குச் சட்டத்தாலும் வற்புறுத்தப்பட்டதாகும். புழு பருத்தியையே நம்பி வாழ்வது. சில மாதம் பருத்தியே இல்லாத கிராமத்தில் அதற்கு உணவில்லை.

மூன்றாவது, கருங்கண்ணி விதையைப் பற்றியது. அதன் பஞ்சு பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு உட்பட்டது, காய் சிறியது, நீர்ப்பாசன நிலத்தில் ஒட்டுப் பருத்தியோடு எடைக்கு எடை போட்டியிட அதனால் ஆகாது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை ஒன்றையே நம்பிய கரிசலில், இரண்டு மழை தவறினாலும் வேரை ஆழ இறக்கிப் பிழைத்து நிற்பதும், தத்துப்பூச்சியை அதிகம் பொருட்படுத்தாததும் அதுவே. வடநாட்டில் அமெரிக்கப் பருத்தியை வாட்டும் இலைச்சுருள் வைரஸ் நோய் இவ்வினத்தை அணுகுவதில்லை. இக்குணங்கள் எந்த மரபணுவில், எந்தச் சாவியில் உள்ளன என்பதை ஆராய்ச்சியாளர் 2014-க்குப் பிறகே எழுத்தெழுத்தாகத் தேடத் தொடங்கியுள்ளனர். தேடி முடிக்கும் முன் விதை அற்றுப்போனால், அச்சிட்ட சுவடி கையில் இருந்தும் உயிருள்ள செடி இராது. 1947-ல் நாட்டின் பருத்தி நிலத்தில் மிகப் பெரும்பகுதி நாட்டுப் பருத்தியாயிருந்தது. இன்று அது சிறு பகுதியே. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் ‘பருத்தி’ என்று மட்டும் எழுதாமல், கருங்கண்ணி உள்ள இடங்களில் அப்பெயரையும் குறித்து வைத்தால், எந்தக் கிராமத்தில் எவ்வளவு விதை மிஞ்சியுள்ளது என்பதை இலாகாவார் அறிய ஏதுவாகும்.

சொந்த விதை வைத்துக்கொள்ள விரும்பும் கருங்கண்ணிக் குடியானவர்கள் வேறு நாட்டு ரகத்திலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி ஒரு பாத்தியை விதைக்கென்று ஒதுக்கவேண்டும். பூக்கும் தருணத்தில் காலை வேளையில் ஒரு முறை நடந்து, பூவின் நிறத்திலோ இலையின் வெட்டிலோ மாறுபட்ட செடிகளைப் பிடுங்கிவிடவேண்டும். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் விட்டு, இடைப்பட்ட எடுப்புகளில் நன்றாக வெடித்த காய்களையே விதைக்குச் சேர்க்கவேண்டும். இவ்வளவும் செய்தபின் கெடுவது பெரும்பாலும் அரவையில்தான். முந்தின ஆள் அரைத்த பருத்தியின் விதை இயந்திரத்தின் இடுக்குகளில் தங்கியிருக்கும். ஆகையால் இயந்திரத்தைத் துடைக்கச் சொல்லி, தம் பருத்தியைப் போட்டதும் முதலில் விழும் அரை மூட்டை விதையை மாட்டுக்கென்று தனியே கட்டிவிட்டு, பின்னர் விழுவதையே விதைக்கு எடுத்துவரவேண்டும்.